மீதி சொல்லும் நாள்

நுழையும்முன்

மன்னர்கள் மாறுவர், ஆண்டுக் கணக்குகள் மாறும், மாதங்களின் பெயரும் இடத்திற்கிடம் வேறுபடும். இவை எல்லாம் மாறிய பின்னும் ஒரு குறிப்பிட்ட நாளை ஐயமின்றி அடையாளம் காட்டுவது எப்படி? குமரி மண்ணில் கிடைத்த செப்பேடு ஒன்று இவ்வினாவிற்கு ஓர் எண்ணையே விடையாகத் தருகிறது. ஏழு இலக்கங்கள் கொண்ட அந்த எண்ணின் இயல்புகளையும், அவ்வழியில் வளர்ந்த தமிழகத்தின் கணக்கு மரபையும் இப்பாடம் விளக்குகிறது.

செப்பேட்டில் ஓர் எண்

நாஞ்சில் நாட்டிற்கு மேற்கே, முஞ்சிறையை அடுத்து அமைந்துள்ள ஊர் பார்த்திவபுரம். பழைய பெயர் பார்த்திவசேகரபுரம். ஒன்பதாம் நூற்றாண்டில் இப்பகுதியை ஆண்ட ஆய் வேந்தன் கருநந்தடக்கன், முஞ்சிறைச் சபையாருக்கு மாற்று நிலம் கொடுத்து, அவர்களிடமிருந்து பெற்ற இடத்தில் திருமால் கோயில் ஒன்றை எழுப்பினான். அதனுடன் தொண்ணூற்றைந்து மாணவர் தங்கிப் பயிலும் சாலை ஒன்றையும் நிறுவினான். காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டு அமைந்தது இச்சாலை. இச்செய்திகளைக் கூறும் செப்பேடு பிற்காலத்தில் திருவனந்தபுரம் உசூர் அலுவலகத்தில் இருந்தமையால் உசூர் அலுவலகச் செப்பேடு என்று பெயர் பெற்றது. து.அ. கோபிநாதராவ் இதனைத் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையில் பதிப்பித்தார்.

நிலம் கைமாறும் ஆவணத்திற்கு நாள் இன்றியமையாதது. எந்த நாளில் உரிமை மாறியது என்பதில் ஐயம் எழுந்தால் ஆவணமே வலுவிழக்கும். எனவே இச்செப்பேடு, கலியுகம் தொடங்கி எத்தனை நாள்கள் சென்றன என்பதை எண்ணிக் குறிக்கிறது. அந்த எண் பதினான்கு நூறாயிரத்து நாற்பத்தொன்பதினாயிரத்து எண்பத்தேழு, அதாவது 14,49,087.

இத்தகைய எண்ணைக் கலிநாள் என்பர். ஆட்சியாண்டு, மன்னன் மாறும்போது மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். பிரபவ முதலான அறுபது ஆண்டுப் பெயர்கள் சுழன்று மீண்டும் வரும். கலிநாளோ சுழல்வதில்லை, ஒவ்வொரு கதிரெழுச்சிக்கும் ஒன்று கூடும். ஒருமுறை வந்த எண் மறுமுறை வாராது. ஆகவே ஒரு நாளுக்கு ஓர் எண், ஓர் எண்ணுக்கு ஒரு நாள் என்னும் ஒன்றுக்கொன்றான தொடர்பு இங்குக் கிடைக்கிறது.

சொல்லில் மறைந்த சுழி

செப்பேட்டின் எண்ணைச் சொல்லிப் பார்த்தால் ஒரு நுட்பம் புலப்படும். நூறாயிரம், ஆயிரம், பத்து, ஒன்று ஆகிய இடங்கள் அனைத்தும் ஒலிக்கின்றன. நூறு என்னும் இடம் மட்டும் ஒலிப்பதில்லை. அவ்விடத்தில் எதுவும் இல்லை என்பதால் சொல் அதனைத் தாண்டிச் செல்கிறது. ஆனால் இலக்கத்தில் எழுதும்போது அவ்விடத்தில் சுழியை இட்டே ஆக வேண்டும். இடாவிட்டால் 14,49,087 என்பது 1,44,987 ஆகிவிடும். மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம் கணக்கிலிருந்து மறைந்துவிடும்.

பழந்தமிழ் எண்முறை இச்சிக்கலை வேறு வகையில் கடந்தது. பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்குத் தனிக் குறியீடுகள் (௰, ௱, ௲) இருந்தன. எண்பத்தேழு என்பதை ௮௰௭ என்றும், நாற்பத்தொன்பதாயிரம் என்பதை ௪௰௯௲ என்றும் எழுதினர். சொல்லும் முறையே எழுதும் முறையாக இருந்தது. நாம் இன்று இலட்சம் என்பதை முன்னோர் நூறாயிரம் என்றே வழங்கினர். பெயரிலேயே பெருக்கல் அடங்கியிருப்பதைக் காண்க.

ஏழால் வகுத்தால்

கலிநாளின் தொடக்கமாக வானியலார் கொண்டது கி.மு. 3102 பிப்ரவரி 18. இது யாரோ அன்று குறித்துவைத்த நாள் அன்று; கோள்களின் இயக்கத்தைப் பின்னோக்கிக் கணித்துப் பிற்கால வானியலார் அமைத்துக்கொண்ட தொடக்கப் புள்ளியாகும். அந்நாள் வெள்ளிக்கிழமை. எனவே எந்தக் கலிநாளையும் ஏழால் வகுத்து மீதியை வெள்ளி முதலாக எண்ணினால் கிழமை கிடைக்கும். மீதி 0 எனில் வெள்ளி, 1 எனில் சனி, 2 எனில் ஞாயிறு, 3 எனில் திங்கள், 4 எனில் செவ்வாய், 5 எனில் புதன், 6 எனில் வியாழன்.

14,49,087 = 7 × 2,07,012 + 3

மீதி மூன்று. ஆகவே செப்பேடு குறிக்கும் நாள் திங்கட்கிழமை. ஈவாகிய 2,07,012 என்பது சென்ற வாரங்களின் எண்ணிக்கை. அத்தனை வாரங்களை நாம் பொருட்படுத்துவதில்லை. எஞ்சிய மூன்றே விடையைத் தருகிறது. பெரிய எண்களைக் கையாளும் கணிதத்தின் அடிப்படை இதுவே. எண்ணின் பருமை முழுவதையும் சுமக்க வேண்டியதில்லை. நம் வினாவிற்குரிய மீதியை மட்டும் கைக்கொண்டால் போதும்.

நீண்ட வகுத்தல் இல்லாமலும் இம்மீதியைக் காணலாம். 7 × 11 × 13 = 1001. ஆயிரம் என்பது இதனினும் ஒன்று குறைவு; பத்து நூறாயிரம் என்பது 1001இன் மடங்கு ஒன்றைவிட ஒன்று மிகுதி. எனவே எண்ணை வலப்புறத்திலிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து, மாறி மாறிக் கூட்டியும் கழித்தும் பெறும் சிறிய எண், ஏழால் வகுக்கும்போது பெரிய எண் தரும் அதே மீதியைத் தரும்.

087 − 449 + 1 = −361

361ஐ ஏழால் வகுத்தால் மீதி 4. அது குறை எண்ணாக இருப்பதால் 7 − 4 = 3. ஏழு இலக்க எண் ஒன்றின் கிழமையை மனக்கணக்காகவே கண்டுவிட்டோம்.

கிழமை காண்பது ஒரு சோதனையும் ஆகும். நெடிய கணக்கில் எங்கேனும் ஒரு நாள் கூடியோ குறைந்தோ போயிருந்தால் கிழமை பொருந்தாது. ஊரறிந்த கிழமையோடு ஒப்பிட்டுக் கணியர் தம் பிழையைத் தாமே கண்டுகொள்ள இயன்றது.

எண்ணிலிருந்து ஆண்டு

அடுத்து, அந்நாள் எந்த ஆண்டைச் சேர்ந்தது எனக் காண்போம். கி.பி. 499இல் ஆரியபட்டர், 43,20,000 ஆண்டுகள் கொண்ட ஒரு யுகத்தில் 157,79,17,500 நாள்கள் உள்ளன என்று கொண்டார். இவ்விரு எண்களையும் அவற்றின் பொதுக் காரணியாகிய 7,500ஆல் வகுத்தால் எளிய உறவு ஒன்று கிடைக்கிறது: 576 ஆண்டுகள் = 2,10,389 நாள்கள். அதாவது ஓர் ஆண்டிற்கு ஏறத்தாழ 365.25868 நாள்கள்.

14,49,087ஐ 576ஆல் பெருக்கி 2,10,389ஆல் வகுத்தால் ஈவு 3967; மீதி 60,949. அம்மீதியை 576ஆல் வகுத்தால் 105 நாள்களும் சிறிது நேரமும் கிடைக்கும். கலியில் 3967 ஆண்டுகள் முடிந்து, அடுத்த ஆண்டில் மூன்று திங்கள்களுக்கு மேல் சென்றிருந்தன. சித்திரை, வைகாசி, ஆனி ஆகியவை கழிந்து ஆடியின் முற்பகுதி நடந்துகொண்டிருந்தது. 3967இலிருந்து 3101ஐக் கழித்தால் 866. நாள்களைச் சரியாக எண்ணினால் அது கி.பி. 866 சூலை 8 ஆகும். கொல்லம் ஆண்டு தோன்றி அப்போது நாற்பத்தொன்றாம் ஆண்டு நடந்துகொண்டிருந்தது.

இங்குக் குறித்த சூலை 8 என்பது பழைய சூலியன் நாட்காட்டிப்படி அமைந்தது. ஐரோப்பாவில் 1582ஆம் ஆண்டு நாட்காட்டியைத் திருத்தியபோது, அக்டோபர் 4 வியாழக்கிழமைக்கு அடுத்த நாளை அக்டோபர் 15 வெள்ளிக்கிழமை என்று வைத்தனர். இடைப்பட்ட பத்துத் தேதிகள் வழக்கிலிருந்து நீங்கின. கிழமை வரிசையோ அறுபடவில்லை. கலிநாள் வரிசையும் அறுபடவில்லை. மனிதர் தேதிகளை நீக்கலாம். கதிரவன் எழுந்த நாள்களை நீக்க முடியாது.

தெரிந்து தெளிவோம்

மீதிகளிலிருந்து எண்ணைக் காணும் முறையை ஆரியபட்டர் தம் நூலில் கூறியுள்ளார். அம்முறை குட்டகம் எனப்படும். ஏழால் வகுத்தால் 3, ஒன்பதால் வகுத்தால் 5 மீதி தரும் மிகச் சிறிய எண் எது? விடை 59. அடுத்த விடை 59 + 63 = 122. ஏழுக்கும் ஒன்பதுக்கும் ஒன்றைத் தவிரப் பொதுக் காரணி இல்லாததால், ஒவ்வொரு 63 எண்களுக்குள்ளும் ஒரேயொரு விடை மட்டுமே அமையும். 1583இல் ஸ்காலிஜர் என்னும் ஐரோப்பிய அறிஞர் இவ்வியல்பையே பயன்படுத்தி 28 × 19 × 15 = 7,980 ஆண்டுகள் கொண்ட காலவட்டம் ஒன்றை அமைத்தார். இன்றைய வானியலார் வழங்கும் சூலியன் நாள் எண்ணின் தொடக்கம் அவ்வட்டத்திலிருந்து வந்ததே.

நிலவைத் தொடர்ந்த எண்கள்

சித்திரை முழுநிலவு நாளில் கன்னியாகுமரிக் கடற்கரையில் பெருங்கூட்டம் திரளும். மேற்கே கதிரவன் மறைவதையும் கிழக்கே நிலவு எழுவதையும் ஒரே இடத்தில் நின்று காணலாம். கதிரவனின் இடத்தைக் கணிப்பது ஓரளவு எளிது. நிலவின் இடத்தைக் கணிப்பது அரிது. ஏனெனில் நிலவு ஒரே விரைவில் செல்வதில்லை. புவிக்கு அருகில் வரும்போது விரைந்தும், தொலைவில் செல்லும்போது மெல்லவும் நகரும். தொலைவான புள்ளியில் தொடங்கி மீண்டும் அப்புள்ளியை அடைய அது ஏறத்தாழ 27.55455 நாள்கள் எடுத்துக்கொள்கிறது.

இக்காலம் முழு எண்ணாக இல்லை. அதுவே கணியர் எதிர்கொண்ட இடர். நாள்தோறும் கதிரெழும் நேரத்தில் நிலவு எங்கே என்று அட்டவணை எழுதினால், அது எப்போது தொடக்கத்திற்கே திரும்பும்? இரண்டு சுற்றுகளுக்கு 55 நாள்கள். அதில் பிழை மிகுதி. ஒன்பது சுற்றுகளுக்கு ஏறத்தாழ 248 நாள்கள். பிழை கால் மணி நேரத்திற்கும் குறைவு. ஆகவே 248 நாள்களுக்கு ஓர் அட்டவணை அமைத்தால் அதையே மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். ஒவ்வொரு நாளின் நிலையையும் ஒரு சிறு தொடராக்கி மனப்பாடம் செய்தனர். அத்தொடர்களுக்கு வாக்கியம் என்று பெயர். அவற்றை வரருசி என்பார் இயற்றியதாகக் கருதுவது மரபு. இன்றும் தமிழகத்தில் வழங்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தின் பெயர் இதனின்று வந்தது.

கால் மணி நேரத்திற்குக் குறைந்த பிழையும் பல ஆண்டுகளில் பெருகும். எனவே கணியர் மேலும் பெரிய சுற்றுகளைத் தேடினர்.

12 × 248 + 55 = 3,031
4 × 3,031 + 248 = 12,372

3,031 நாள்களில் 110 சுற்றுகள். 12,372 நாள்களில் 449 சுற்றுகள். வகுத்துப் பார்த்தால் ஒரு சுற்றிற்கு முறையே 27.55556, 27.55455, 27.55457 நாள்கள் என வருகின்றன. எட்டாண்டுகளுக்கு மேற்பட்ட 3,031 நாள்களில் நேரும் பிழை ஒரு நிமிடத்திற்கும் குறைவு. 12,372 என்பது அக்காலக் கணியர் கொண்ட அளவிற்கு மிக நெருங்கியது; இன்றைய அளவிற்கோ 3,031 அதனினும் நெருங்கி நிற்கிறது. நுண்மை என்பது எண் பெரிதாவதால் மட்டும் வந்துவிடுவதில்லை என்பதற்கு இது சான்று.

இச்சுற்றுகளை எண்ணத் தொடங்குவதற்கு, கதிரெழும் வேளையில் நிலவு தொலைவான புள்ளியில் இருந்த ஒரு நாள் வேண்டும். அதற்கெனத் தேர்ந்துகொண்ட கலிநாள் 16,00,984, கி.பி. 1282 மே 22. இந்த எண்ணை மூன்று இலக்கங்களாகப் பிரித்துப் பார்ப்போம்.

984 − 600 + 1 = 385 = 5 × 7 × 11

385 ஏழாலும் பதினொன்றாலும் மீதியின்றி வகுபடுகிறது. ஆதலால் 16,00,984உம் அவ்வாறே வகுபடும். முழுமையாகக் காரணிப்படுத்தினால் 2 × 2 × 2 × 7 × 11 × 23 × 113. ஏழு ஒரு காரணி என்பதால் அந்நாள் வெள்ளிக்கிழமை எனக் கணக்கிடாமலே கூறலாம்.

தெரிந்து தெளிவோம்

எண்களை மறவாதிருக்க அவற்றைச் சொற்களாக்கும் முறை கடபயாதி. வடமொழி எழுத்து வரிசையில் ஒவ்வொரு மெய்யொலிக்கும் ஓர் இலக்கம் உண்டு. சொல்லின் இலக்கங்களை வலமிருந்து இடமாக வைத்தால் எண் கிடைக்கும். 248இன் பெயர் தேவரம்: தே 8, வ 4, ர 2. 3,031இன் பெயர் கலாநிலம்: க 1, லா 3, நி 0, ல 3. சொல்லின் இறுதியில் நிற்கும் மெய்க்கு மதிப்பில்லை. தமிழ் எழுத்தில் தகரம் ஒன்றே, வடமொழியிலோ நான்கு. ஆதலால் இம்முறையைப் பயன்படுத்தியோர் ஒலியை அறிந்தே மதிப்பை அறிந்தனர்.

சோழிகளும் நினைவும்

1825ஆம் ஆண்டு சென்னையில் ஜான் வாரன் என்பவரின் காலசங்கலிதம் என்னும் நூல் வெளியாயிற்று. தென்னாட்டு மக்கள் காலத்தைக் கணிக்கும் முறைகளை ஆராய்ந்த நூல் அது. அதில் புதுச்சேரியில் வாழ்ந்த தமிழ்க் கணியர் ஒருவரைப் பற்றிய செய்தி உண்டு. அவர் எழுதுகோலைத் தொடவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பி எண்களாக அமைத்தார். நினைவிலிருந்த அட்டவணைகளைச் சொல்லிக்கொண்டே சோழிகளைக் கூட்டியும் நீக்கியும் சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்துக் காட்டினார். அது 1825 மே 31, சூன் 1 ஆகிய நாள்களுக்கு இடைப்பட்ட இரவில் நிகழ்ந்த கிரகணம். உண்மை நேரத்தோடு ஒப்பிட்டபோது தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் வேறுபாடு இருந்தது. பல நூற்றாண்டுகளுக்கு முன் அமைந்த எண்களைக் கொண்டு, ஏடும் எழுத்தும் இன்றிப் பெற்ற விடை அது. 1952இல் நாய்கெபவர் என்னும் கணித வரலாற்று அறிஞர் இதனை மீண்டும் ஆராய்ந்து, தமிழர் வானியல் குறித்துக் கட்டுரை எழுதினார்.

வாரன் மற்றொன்றையும் குறிப்பிடுகிறார். அக்கணியர் கணக்கின் படிகளைப் பிழையின்றி அறிந்திருந்தார். ஆனால் அப்படிகள் ஏன் அவ்வாறு அமைந்தன என்பதை அறிந்திருக்கவில்லை. இச்செய்தியை நாம் இருவகையில் நோக்க வேண்டும். காரணம் அறியாதவரின் கையிலும் சரியான விடையைத் தருமாறு ஒரு முறையை அமைத்த முன்னோரின் திறன் வியத்தற்குரியது. அதே வேளையில், 248ஐயும் 3,031ஐயும் கண்டடைந்தவரின் சிந்தனை வழி அறுந்துபோய், விளைவு மட்டும் நினைவில் எஞ்சியதும் உண்மை. காரணம் தெரிந்தவர் இருந்திருந்தால், வானை மீண்டும் நோக்கி அளவுகளைத் திருத்தி, ஐம்பத்திரண்டு நிமிட வேறுபாட்டைக் குறைத்திருக்க இயலும். மனப்பாடம் அறிவைக் காத்துத் தரும். காரணம் தேடும் மனமே அதனை வளர்க்கும்.

எல்லை மாறிய நாள்

இதுவரை கற்ற முறையை நம் காலத்து நாளொன்றுக்குப் பொருத்துவோம். 1956 நவம்பர் 1. மார்ஷல் நேசமணி முதலானோர் முன்னின்று நடத்திய போராட்டத்தின் பயனாகத் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு இணைந்தன. கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. கொல்லம் ஆண்டின்படி அது 1132 ஐப்பசி. கலிநாள் 18,47,313.

ஏழால் வகுத்தால் மீதி 6, வியாழக்கிழமை. இனி நிலவைக் காண்போம்.

18,47,313 − 16,00,984 = 2,46,329
2,46,329 = 19 × 12,372 + 11,261
11,261 = 3 × 3,031 + 2,168
2,168 = 8 × 248 + 184

இறுதி மீதி 184. கணியர் தம் நினைவிலிருந்து நூற்றெண்பத்து நான்காம் வாக்கியத்தை எடுப்பார். 12,372 நாள் சுற்று ஒன்றிற்கு 297 பாகை 48 கலை 10 விகலை, 3,031 நாள் சுற்று ஒன்றிற்கு 337 பாகை 31 கலை 1 விகலை, 248 நாள் சுற்று ஒன்றிற்கு 27 பாகை 44 கலை 6 விகலை, தொடக்க நாளுக்கு 212 பாகை 0 கலை 7 விகலை என்பன அவர் அறிந்த மாறிலிகள். முறையே 19, 3, 8 மடங்குகளைக் கூட்டி, முழு வட்டங்களைக் கழித்தால் 264 பாகை 41 கலை 8 விகலை கிடைக்கும். இதனோடு வாக்கியம் தரும் அளவைக் கூட்டி, மீண்டும் முழு வட்டத்தை நீக்கினால், நிலவு கன்னி இராசியின் இறுதிப் பகுதியில் நின்றது தெரியவரும். அன்று கதிரவன் இருந்தது துலாம் இராசியில். நிலவு கதிரவனை நெருங்கிக்கொண்டிருந்தது, மறுநாள் அமாவாசை. கன்னியாகுமரி பிறந்த நாளில் நிலவு கன்னியில் இருந்தது தற்செயல் ஒப்புமையே. கணக்கு அதற்கு வேறு பொருள் எதுவும் கற்பிப்பதில்லை.

இரண்டு இலட்சத்து நாற்பத்தாறாயிரம் நாள்களை 184 என்னும் சிறு மீதியாக்கிய இந்த வழியில் பெருக்கலும் கழித்தலும் அன்றி வேறில்லை. சோழிகளே போதும்.

பார்த்திவபுரச் செப்பேட்டின் நாளுக்கும் இந்நாளுக்கும் இடைப்பட்ட தொலைவையும் ஒரே கழித்தலில் அறியலாம்: 18,47,313 − 14,49,087 = 3,98,226 நாள்கள். ஆய் வேந்தரின் ஆட்சியும் வேணாட்டு வரலாறும் திருவிதாங்கூர் அரசும் அந்த இடைவெளிக்குள் அடங்குகின்றன. நாட்காட்டிகள் பல மாறின, எல்லைகள் மாறின. எண்ணின் தொடர் மட்டும் ஒருமுறையும் அறுபடவில்லை.

கணினியும் கலிநாளும்

இன்றைய கணினிகளும் காலத்தை ஒரே எண்ணாகவே வைத்துக்கொள்கின்றன. பெரும்பாலானவை 1970 சனவரி 1 முதல் சென்ற நொடிகளை எண்ணுகின்றன. நாம் திரையில் காணும் ஆண்டு, திங்கள், நாள், மணி ஆகிய அனைத்தும் அந்த எண்ணை வகுத்துப் பெற்ற ஈவும் மீதியுமே. பழைய கணினி அமைப்புகளில் அவ்வெண்ணுக்கு ஒதுக்கிய இடம் 214,74,83,647 என்பதோடு நிறைந்துவிடும். 2038 சனவரி 19 அன்று அந்த எல்லை வரும். அதற்குள் அமைப்புகளை மாற்ற வேண்டியுள்ளது. இந்த எண் பகா எண் என்பதை 1772இல் ஆய்லர் கண்டறிந்தார் என்பதும் குறிப்பிடத்தக்கது.

தொடக்கப் புள்ளி ஒன்றை வரையறுத்தல், அங்கிருந்து இடையறாது எண்ணுதல், வேண்டிய செய்தியை மீதியாகப் பிரித்தெடுத்தல் என்னும் மூன்று படிகளும் செப்பேட்டிற்கும் கணினிக்கும் பொதுவானவை. முஞ்சிறை நிலத்தின் உரிமை மாறிய நாளை ஓர் எண்ணாகக் குறித்தவர், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின் வருபவர் அதனைப் படிப்பர் என எண்ணியிருக்க மாட்டார். எனினும் தம் காலத்து வழக்கை அறியாதவருக்கும் விளங்கும் வகையில் அதனைக் குறித்துவைத்தார். அதனால்தான் ஒரு திங்கட்கிழமையை நாம் இன்று மீட்டெடுக்க முடிகிறது.

கற்பவை கற்றபின்

1. 2000 சனவரி 1இன் கலிநாள் 18,63,079. இதனைக் கொண்டு நீங்கள் பிறந்த நாளின் கலிநாளைக் கணக்கிடுக. ஏழால் வகுத்துக் கிழமையைக் கண்டு, நாட்காட்டியோடு ஒப்பிடுக.

2. உங்கள் வீட்டிலுள்ள பஞ்சாங்கம் வாக்கிய முறையினதா, திருக்கணித முறையினதா எனக் கண்டறிக. ஒரே நாளுக்கு இரு முறைகளும் தரும் நட்சத்திர நேரங்களை ஒப்பிட்டு வகுப்பறையில் உரையாடுக.

3. உங்கள் ஊர்க் கோயில், பழைய பத்திரம், குளக்கரைக் கல்வெட்டு ஆகியவற்றில் நாள் எவ்வாறு குறிக்கப்பட்டுள்ளது எனக் கண்டு தொகுக்க.

சொற்பொருள்

மீதி – வகுத்தபின் எஞ்சுவது. ஈவு – வகுத்துப் பெறும் எண். கணியர் – காலத்தையும் கோள்நிலையையும் கணிப்பவர். கலை – பாகையில் அறுபதில் ஒரு பங்கு. விகலை – கலையில் அறுபதில் ஒரு பங்கு. மாறிலி – மாறாத அளவு.

பயிற்சி

குறுவினா
1. கலிநாள் என்றால் என்ன?
2. 14,49,087 என்னும் எண்ணைச் சொல்லால் கூறும்போது எந்த இடம் ஒலிப்பதில்லை? ஏன்?

சிறுவினா
1. 1947 ஆகத்து 15இன் கலிநாள் 18,43,947. மும்மூன்று இலக்கங்களாகப் பிரிக்கும் முறையால் அந்நாளின் கிழமையைக் காண்க.
2. 248, 3,031, 12,372 ஆகிய எண்களுக்கிடையே உள்ள உறவை விளக்குக.

நெடுவினா
'மனப்பாடம் அறிவைக் காத்துத் தரும். காரணம் தேடும் மனமே அதனை வளர்க்கும்' – புதுச்சேரிக் கணியர் பற்றிய செய்தியைக் கொண்டு இக்கூற்றை ஆராய்க.